மணிக்கட்டில் ஒரு சிவப்பு அம்பு

எங்கள் சட்டைக் கம்பெனியில் அவளுக்குக் கழுகு என்று பெயர். செக்கிங் மேஜையில் அவள் கண்ணுக்குத் தப்பி ஒரு சட்டை வெளியே போனதில்லை. குறை தெரியும் இடத்தில் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவாள். அயர்ன் போடும் நான் அவளிடம் வாங்கிய அம்புகளைக் கோத்தால் ஒரு மாலையே தேறும்.

அவளுக்குக் குழந்தை பிறந்து சில வாரத்தில் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அதன்பிறகு ஒரு மாதமாக அவள் போனை எடுக்கவில்லை. மனசு கேட்காமல் ஒரு மத்தியானம் மூன்று மாடி ஏறிக் கதவைத் தட்டினேன். அவள் மாமியார் திறந்தார்.

"வாம்மா. புள்ளையத் தொடவே மாட்டேங்கிறா. பால் குடுக்கவும் நான்தான் புடிச்சுக்கணும். நாங்கல்லாம் நாலு பெக்கலையா?"

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. நாலு பெற்றவர் வீட்டில் இன்னொருத்திக்குப் பயமே வரக்கூடாதா?

உள்ளே போனேன். பால்கனிக் கம்பியில் சிவப்பு அம்பு. கேஸ் அடுப்பில் அம்பு. கத்தரிக்கோலில், தண்ணீர் வாளியில், ஜன்னல் கொக்கியில். குழந்தை பாயில் காலை உதைத்துக்கொண்டு கிடந்தது. அவள் எட்டத்தில், சுவரோரம், கைகளைத் தொடைக்கடியில் அழுத்தி உட்கார்ந்திருந்தாள்.

"கைய எடு."

எடுக்கவில்லை. நான்தான் இழுத்தேன். இரண்டு மணிக்கட்டிலும் அம்பு.

"அக்கா, பால்கனி பக்கம் போனா இந்தக் கை புள்ளையக் கீழ போட்டுடும்னு தோணுது. போட மாட்டேன்க்கா. ஆனா தோணுதே! நான் ரிஜெக்ட் பீஸ். நாளைக்கு எங்கயாவது போயிடறேன். அத்தை வளர்த்துக்கட்டும்."

கட்டிலுக்கடியில் பை கட்டி வைத்திருந்தாள். ஆறுதல் சொல்லத்தான் நினைத்தேன், வாயில் வந்தது கம்பெனிப் பேச்சு.

"தான் தைச்சதத் தானே செக் பண்ணக்கூடாதுன்னு சூப்பர்வைசர்கிட்ட சண்டை போட்டது யாரு?"

"நான்."

"உன்ன ரிஜெக்ட் பண்ணது யாரு?"

மணிக்கட்டிலிருந்த அம்பைப் பார்த்தாள். பிறகு, "நான்தான்," என்றாள்.

"அப்போ செல்லாது. வேற கண்ணு பாக்கணும். கிளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

அம்பை உரிக்கப் போனேன். கையை இழுத்துக்கொண்டாள். "இருக்கட்டும்க்கா. டாக்டர் பாக்கட்டும்."

மாமியார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தார். டாக்டரம்மா கேட்கும் முன்பே அவள் இரண்டு கைகளையும் மேஜைமேல் நீட்டினாள். அவர் சிரிக்கவில்லை. முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"இந்த மாதிரி நெனப்பு நிறைய அம்மாக்களுக்கு வரும்மா. வைத்தியம் இருக்கு. கொஞ்ச நாளைக்கு யாராவது கூடவே இருக்கணும்," என்றவர், மணிக்கட்டைத் தொட்டுக் கேட்டார். "இத எப்ப ஒட்டினீங்க?"

"மூணாவது வாரம். குளிச்சா உதிர்ந்துடும். புதுசா ஒட்டிக்குவேன்."

மாமியார் தலையைக் குனிந்துகொண்டார். என்னாலும் நிமிர முடியவில்லை. நான் குழந்தையைப் பார்க்கப் போனது மூன்றாவது வாரம்தான். அந்த அம்பை அன்றைக்கே பார்த்தேன். "வீட்டுக்கு வந்தும் வேலைப் புத்தி போகலையாடி?" என்று கேட்டுச் சிரித்தேன். அவளும் என்னோடு சேர்ந்து சிரித்தாள்.