வெள்ளைக்கல் ஊரில் டம்ளரை எங்கே வைப்பது

தை மாதம் இரண்டாம் ஞாயிறு, சேலத்துக்கு வடக்கே வெள்ளைக்கல் சுரங்கப் பக்கம் போய்வந்தேன். என் மகள் மலர், கூட வேலை பார்க்கும் பிரபுவைத்தான் கட்டுவேன் என்கிறாள். அவனோ கல்யாணத்துக்குப் பிறகும் மூடிப்போன சுரங்கத்துத் தொழிலாளர் லைன் வீட்டிலேயே இருப்பானாம். நேரில் போய் மரியாதையாக மறுத்துவிட்டு வருவது என் திட்டம். எட்டாம் வகுப்பை இரண்டு முறை படித்தவன் நான். திட்டங்களும் அந்தத் தரம்தான்.

ராசிபுரத்தில் எட்டு மணிக்குப் பஸ் ஏறினால் ஒன்பதரைக்குள் சேலம். அங்கிருந்து ஆட்டோ, பேரம் பேசி இருநூறு ரூபாய்.

“மாப்ள பாக்கவாங்க?” என்றார் டிரைவர்.

“சுரங்கம் பாக்கங்க.”

“சலவை வேட்டியிலயா? நடக்கட்டுங்க!”

கூட வந்திருந்த மலர் பக்கத்தில் சிரித்தாள்.

வழியெங்கும் வெள்ளை மண்மேடுகள், பச்சைத் தண்ணீர் நிறைந்த குழிகள். இரும்பு உருக்கும் உலைக்கான செங்கல்லுக்குப் போன கல் இது. போட்டோவைக் காலையிலேயே எடுத்துவிடுங்கள். வெயில் ஏறினால் கண் கூசும்.

பிரபுவின் அம்மா செல்வி டீ கொடுத்தார். மலர் குடித்துவிட்டு டம்ளரைத் தரையில் வைத்தாள். அலமாரி காலியாக இருக்க, இதென்ன பழக்கம்? வளர்ப்பு சரியில்லை என்பார்களே! என் டம்ளரை நானே எழுந்துபோய் அலமாரியில் வைத்தேன்.

“ஐயோ, அங்க வெக்காதீங்க!” என்றார் செல்வி.

அது சுரங்கப் பக்கச் சுவராம். சுரங்கம் ஓடிய காலத்தில் பாறைக்கு வேட்டு வைக்கும்போது அதிலிருப்பதெல்லாம் உருண்டு விழுமாம். அதனால் அந்த லைன் முழுக்கவே பாத்திரங்கள் எதிர்ச்சுவர் ஓரம், தரையில்தான்.

“வேட்டுதான் நின்னுபோச்சேங்க. இன்னும் எதுக்கு இந்த ஊடு? ராசிபுரம் வந்துரலாமில்ல?”

“மாமனாரும் எங்க ஊட்டுக்காரரும் வேட்டு வெச்ச ஆளுங்க. சுரங்கத்தத்தானுங்க மூடுனாங்க, எங்கள மூடலையே! மாரியம்மன் பண்டிகைக்கு இன்னமும் குழி ஓரத்துலதான் மொதப் பொங்கல். டம்ளரும் அப்படித்தான். மருமவளா வாரவளுக்கு மொதல்ல இதத்தான் சொல்லிக் குடுப்போம்.”

நான் மலரைப் பார்த்தேன். மலர் கூரையைப் பார்த்தாள்.

“ஏஞ்சாமி, இங்க முன்னயே வந்திருக்கியா?”

“நீங்க டீ குடிங்கப்பா.”

டீ எப்போதோ தீர்ந்துவிட்டது. அலமாரியிலிருந்து டம்ளரை எடுத்து, அவள் டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தேன். செல்வி உள்ளே போய்ச் சர்க்கரை டப்பாவோடு வந்தார்.

போகிறவர்களுக்கு: தண்ணீர் கொண்டுபோங்கள், கடை குறைவு. குழி விளிம்பில் நிற்காதீர்கள், மண் சரியும். எங்களுக்கு வைகாசியில் முகூர்த்தம். அதுவரை ராசிபுரத்திலும் மலர் டம்ளரைத் தரையில்தான் வைக்கிறாள். அவள் அம்மா திட்டுகிறாள். நான் என் டம்ளரையும் தரையில் வைத்துவிட்டுப் பேப்பர் படிக்கிறேன்.