வெங்காயத்தைத் தூக்கிக் காட்டிய துர்கா அக்கா

கூப்பிட்டால் திரும்பாத ஒருவரை ஓட்டல் ஹாலில் எப்படி நிறுத்துவது? மேனேஜர் ஆதிநாராயணன் என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜ். கீழே ஓட்டல். இன்டர், அதாவது பிளஸ் டூ, முடித்துவிட்டு நான் அங்கே பில் போடுகிறேன். மேனேஜர் கேட்டது துர்காதேவி அக்காவைப் பற்றி. அக்காவுக்கு ஊர் நகரி. வீட்டில் எல்லாருக்கும் விசைத்தறி வேலை. பிறவியிலிருந்தே அவருக்குக் காது கேட்காது. வீட்டு மொழி தமிழ், பள்ளியில் எழுதப் படித்தது தெலுங்கு, அவர் கைகள் பேசுவது இரண்டும் இல்லாத இன்னொன்று.

லாட்ஜில் அவருக்கு வேலை கொடுத்தார்கள், யூனிஃபார்மும் கொடுத்தார்கள். அப்புறம் பாத்திரம் கழுவும் தொட்டியில் சுவரைப் பார்த்து நிற்க வைத்துவிட்டார்கள். அவரைக் கூப்பிட வேண்டுமென்றால் பின்னாலிருந்து தண்ணீர் தெளிப்பார்கள். சில நேரம் ஸ்பூன் பறக்கும். ஒவ்வொரு தடவையும் தூக்கிவாரிப் போட்டுத் திரும்புவார். யாருக்கும் அவர்மேல் கோபம் இல்லை. வேறு வழி இருக்கிறதா என்று யாரும் யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

புரட்டாசி பிறந்தது. கூட்டம் தாங்கவில்லை, பரிமாற ஆள் இல்லை. ஒரு காலையில் அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு நேராக மேனேஜரிடம் போய்ப் போனில் தெலுங்கில் எழுதிக் காட்டினார்: 'முகங்கள் இருக்கும் இடத்தில் எனக்கு வேலை வேண்டும். இல்லையென்றால் ஊருக்குப் போகிறேன்.'

மேனேஜர் தலையைச் சொறிந்தார். அப்போதுதான் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார். பிறகு அவரே முடிவு செய்தார்.

"சரி, இன்னிக்கு ஒரு நாள் பாக்கலாம். கலாட்டா ஏதாவது ஆச்சி, மறுபடியும் தொட்டிதான். சொல்லிடு."

எழுதிக் காட்டினேன். அக்கா அதற்குள் தட்டை எடுத்துவிட்டார்.

அன்று திருவள்ளூர் பக்கத்திலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் வந்து தங்கியிருந்தார்கள். சாயங்காலம் மலையிலிருந்து இறங்கியதும் டிபன் வேண்டும் என்றார்கள். சிலர் விரதம், வெங்காயம் கூடாது. யார் யாருக்கு என்று, அவர்கள் மலைக்குக் கிளம்பும் முன்பே அக்காதான் மேசை மேசையாகப் போய்ச் சைகையால் கேட்டுக்கொண்டார். காது கேளாதவர்கள் ஒருவரை அவருடைய அடையாளத்தை வைத்துத்தான் கையால் குறிப்பிடுவார்கள். அக்காவும் அப்படியே மனதில் வைத்துக்கொண்டார். விரல் சுழற்றினால் சுருட்டை முடிக்காரர். மூக்கின் கீழ் இழுத்தால் பெரிய மீசை. தோளில் தொங்கவிட்டால் நீளப் பின்னல். எனக்கும் செய்து காட்டிச் சிரித்தார்.

சாயங்காலம் பஸ் வந்து நின்றது. ஆண், பெண், குழந்தை, எல்லாரும் மொட்டை. தலையெல்லாம் சந்தனம். மீசையும் இல்லை, பின்னலும் இல்லை.

அக்கா சாம்பார் வாளியோடு ஒரு நிமிடம் நின்றார். பிறகு முகத்தை உற்று உற்றுப் பார்த்து ஊற்ற ஆரம்பித்தார். மூன்றாவது மேசையில் ஒரு பெரியவர் வெடித்தார்.

"புரட்டாசி மாசம், வெங்காய சாம்பார ஊத்திக்கினே போறா! தொண்ட கிழியக் கத்தறேன், திரும்பிக்கூடப் பாக்கல. இன்னா திமிரு பாரு!"

"அவங்களுக்குக் காது கேக்காது சார்," என்று நான் ஓடினேன்.

"அப்ப எதுக்குப்பா இங்க வுட்டுக்கீறீங்க?"

மேனேஜர் வந்தார். அக்காவைப் பார்த்து உள்பக்கம் கையைக் காட்டினார். அதைப் புரிந்துகொள்ள எந்த மொழியும் தேவையில்லை. வாளியை வீராசாமி அண்ணன் வாங்கிக்கொண்டார். அவர் அங்கே பழைய சர்வர், வாய் ஓயாது.

"கவலப்படாத துர்கா, ஊரே மொட்ட போட்டுக்கினு வந்தா பெத்த தாய்க்கே அடையாளம் தெரியாது," என்று அக்காவின் முதுகைப் பார்த்துச் சொன்னார். பிறகு ஹாலின் நடுவில் நின்று குரல் கொடுத்தார். "வெங்காயம் வாணாங்கறவங்க யாருப்பா? கையத் தூக்குங்க!"

கைகள் உயர்ந்தன.

கதவருகே போன அக்கா திரும்பிப் பார்த்துவிட்டார். போனில் என்னவோ வேகமாகத் தட்டி மேனேஜர் முகத்துக்கு நேரே நீட்டினார். நானும் எட்டிப் பார்த்தேன். 'வீராசாமி அண்ணனுக்கும் யார் யார் என்று தெரியாது. அவர் கேட்டார். நானும் கேட்கிறேன்.'

"இவ்ளோ பேர்கிட்டயும் எப்படிம்மா கேப்பே?" என்றார் மேனேஜர்.

அக்கா பதிலுக்கு நிற்கவில்லை. என் மேசைக்குப் பின்னால் இருந்த சுவிட்சை அணைத்துப் போட்டார். ஹால் இருண்டு வெளிச்சமானது. பேச்சு நின்று எல்லாத் தலையும் திரும்பியது. சமையலறையிலிருந்து ஒரு முழு வெங்காயத்தை எடுத்து வந்து உயரத் தூக்கிக் காட்டினார். மறு கையால் 'வேண்டாம்' என்று ஆட்டி, புருவத்தை உயர்த்தினார். முதலில் குழந்தைகள் சிரித்தன. அப்புறம் கைகள் உயர்ந்தன. கத்திய பெரியவர் மொட்டையைத் தடவிக்கொண்டு தானும் கையைத் தூக்கினார்.

"கரன்ட் போச்சோன்னு பயந்துட்டேன்மா," என்றார் அவர், இந்த முறை அக்காவின் முகத்தைப் பார்த்து. வீராசாமி அண்ணன் வாளியைத் திருப்பிக் கொடுத்தார்.

கடைசி மேசை எழுந்ததும் மேனேஜர் என்னிடம் வந்தார். "நாளைக்கும் ஹால்லயே இருக்கச் சொல்லு."

அக்கா இடையில் புகுந்து என் மேசையைத் தட்டினார். என்னிடமே சொல்லுங்கள் என்பதுபோல் தன்னையே சுட்டிக் காட்டினார். மேனேஜர் கொஞ்சம் தடுமாறினார். பிறகு அவர் பக்கம் திரும்பி நின்று, ஹாலின் தரையைக் காட்டி, "நாளைக்கும் இங்கதான்," என்று வாயை நன்றாகத் திறந்து சொன்னார். அக்கா தலையசைத்தார்.

வேலை இன்னும் முடியவில்லை. சமையல் மாஸ்டர் இன்றும் கத்தினால்தான் திரும்புகிறார். அக்காவின் ஆர்டரை நான் கத்துகிறேன். மாஸ்டருடைய ஜன்னலில், அக்கா சுவிட்சைப் போட்டால் எரிகிற மாதிரி ஒரு பல்பு மாட்டச் சொல்லித் தினமும் மேனேஜரைக் குடைந்துகொண்டிருக்கிறேன். மாட்டும்வரை விடப் போவதில்லை.

இதைப் படித்த நீங்கள் ஓட்டலோ லாட்ஜோ மெஸ்ஸோ நடத்துகிற ஒருவருக்காவது இந்தக் கதையைச் சொல்லுங்கள். காது கேளாத ஒருவரை அவர் எங்கேயாவது சுவரைப் பார்த்து நிற்க வைத்திருக்கலாம்.