வளைகுடாவும் ஊறின கருவாடும்

எஃபி கில்லிஸ் எந்தப் பொருளையும் அதன் பெயரால் சொன்னதில்லை. அடுப்பு அவளுக்கு மூச்சிரைக்கும் மாமா. கோழிக்கூண்டு தேவாலயத்து மாதர் சங்கம். மழையில் குழைந்த செம்மண் பாதை, கால் வைத்தால் வெளியே வர முடியாத பிரசங்கம். பைபிள் கதையில் யோனாவை விழுங்கிய மீனின் வயிறு நம் வீட்டு நிலவறை மாதிரி, அதே உருளைக்கிழங்கு வாசனை என்று ஞாயிறு வகுப்பில் அவள் சொல்லிவைக்க, இரண்டு பிள்ளைகள் நிலவறைப் பக்கமே போக மறுத்தார்கள். பாதிரியார் வகுப்பை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்.

அவளுடைய அண்ணி மர்டினா பேச்சு அதிகமில்லாத வீட்டில் வளர்ந்தவள். கல்யாணமாகி வந்த புதிதில் இந்த நாத்தனாரின் பேச்சைக் கேட்டுத் தலைவலி வந்தது. பிறகு, கோழி எங்கே முட்டையிடுகிறது என்று பார்ப்பதுபோல, இவளுக்கு இதெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று கவனிக்கத் தொடங்கினாள். பதினோரு வருஷமாகக் கவனிக்கிறாள்.

உவமையில் ராணி, கோபுரம், தேவதை என்று வந்தால் எஃபி எதையும் சரியாகப் பார்க்கவில்லை என்று அர்த்தம். சமையலறைச் சாமான் வந்தால் தொட்டே பார்த்திருக்கிறாள் என்று அர்த்தம். பசுவின் மடியை, "பொங்கி அடங்கின ரொட்டி மாவு" என்றாள் ஒருநாள். மறுநாள் மடி வீங்கிப் பால் கட்டிக்கொண்டது. மர்டினா இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

அந்த மார்ச் மாதம் மர்டினாவின் கணவன் ஆங்கஸ் விதை உருளைக்கிழங்கைச் சறுக்குவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். எதிர்க்கரை ரயில் நிலையத்தில் மூன்று மணி வண்டியைப் பிடிக்கவேண்டும். உறைந்த வளைகுடாவின் மேல் போனால் இரண்டு மைல், கரையோரமாகச் சுற்றினால் ஒன்பது. பனிப்பாதையின் இருபுறமும், வழி காட்ட ஜனவரியில் நட்ட ஊசியிலை மரக்கன்றுகள் நின்றன. பனி இளகத் தொடங்கி அவற்றைப் பிடுங்கும்வரை எல்லோரும் அந்தப் பாதையில்தான் போவார்கள். பிடுங்க இன்னும் யாரும் வரவில்லை.

கோழிக்குச் சிப்பி பொறுக்க வளைகுடாக் கரைக்குப் போயிருந்த எஃபி திரும்பி வந்தாள்.

"வளைகுடா இன்னிக்கு வைரக் கிரீடம் வெச்ச ராணியாட்டம் இருக்கு அண்ணி."

மர்டினா மாவைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

எஃபி பூட்ஸைக் கழற்றினாள். "பனிப்பாதைப் பக்கம் மட்டும் ராத்திரி முழுக்க ஊறின கருவாடு. விரலை வெச்சா இதழ் இதழா வருது."

மர்டினாவின் கை நின்றது. மாவுக் கையோடு முற்றத்துக்கு ஓடி, குதிரையின் கடிவாளத்தைப் பிடித்தாள்.

"ஆங்கஸ், ரோடு வழியாப் போ. சக்கர வண்டியில ஏத்து."

"ஏன்?"

"எஃபி கருவாடுன்னு சொன்னா."

"அவ பேச்சைக் கேட்டா நம்ம அடுப்புக்கு இந்நேரம் பேரப்பிள்ளையே பொறந்திருக்கணும். கன்றெல்லாம் நேரா நிக்குது பாரு. ஒரு கருவாட்டுக்காக ஒம்பது மைல் சுத்தணுமா?"

"ராணிக்காகச் சுத்தச் சொல்லல. கருவாட்டுக்காகத்தான் சொல்றேன்."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். மூட்டைகளை இறக்கி மாற்றும்வரை முணுமுணுத்துக்கொண்டே இருந்தான்.

மத்தியானம் முழுக்க மர்டினா ஜன்னலை விட்டு நகரவில்லை. சொன்னது தப்பாகப் போனால் இரண்டு பெண்களையும் ஊரே வாரக்கணக்கில் சொல்லிச் சிரிக்கும். கன்றுகளை எண்ணினாள், திரும்ப எண்ணினாள். தெற்குக் காற்று எழுந்தது. நடுவில் ஒரு கன்று மெதுவாகச் சாய்ந்தது, சத்தமில்லாமல் உள்ளே போனது. அடுத்து அதன் பக்கத்துக் கன்று.

"ஐயோ அண்ணி, தேவதைங்க மண்டி போடுது!"

"மரம் தண்ணிக்குள்ள போகுதுடி. சும்மா இரு," என்றாள் மர்டினா.

வயிறுவரை சேறு அப்பிய குதிரையோடு ஆங்கஸ் திரும்பி வந்தான். ரயிலைப் பிடித்துவிட்டானாம், கடைசி மூட்டையை ஏற்றியதும் வண்டி நகர்ந்ததாம். எதிர்க்கரையிலிருந்து வளைகுடாவையும் பார்த்திருந்தான். சாப்பிடும்போது கேட்டான்:

"எஃபி, நாளைக்குக் காத்து எப்படி?"

"வெள்ளிச் சலங்கை கட்டின குதிரையாட்டம் வரும்ணா!"

ஆங்கஸ் கரண்டியை வைத்துவிட்டு மர்டினாவைப் பார்த்தான்.

"பயப்படாம சாப்பிடு," என்றாள் அவள். "இது ராணி வகை."