ஏழாம் நம்பரின் சுவர்

எழுந்து போகும் முன் மௌஸைத் துடைத்துவிடுவாள் வளர்மதி. பிறகு கீபோர்டு, பிறகு மேசை விளிம்பு. அடுத்த ஷிஃப்டுக்கு வரும் பெண்கள் முகம் சுளிக்கக் கூடாதாம். விரல்களிலிருந்து மணிக்கட்டு வரை அவளுக்கு வெண்புள்ளி, உதட்டோரத்திலும் கொஞ்சம். ஒட்டாது என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தே ஒதுங்குகிறார்கள், அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மாடியில் எங்கள் கம்ப்யூட்டர் சென்டர். நானும் அவளும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. வெளிநாட்டில் யாரோ டால்பின்களை ஆராய்கிறார்கள். கடலிலும் காட்சித் தொட்டிகளிலும் எடுத்த வீடியோக்கள் எங்களுக்கு வரும். ஒரு டால்பின் இன்னொன்றைத் துடுப்பால் தடவினாலோ உடம்போடு உரசினாலோ அங்கே நிறுத்தி, எந்த நம்பர் டால்பின் எந்த நம்பரைத் தொட்டது என்று இரண்டு கட்டங்களில் நிரப்ப வேண்டும்.

வளர்மதிக்கு ஊர் பக்கத்து மானாம்பதி. கடலை நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் கடல் வீடியோ என்றால் சாப்பாட்டையே மறந்துவிடுவாள். “சண்ட போட்டுட்டு அதுவே வந்து தடவிக் குடுக்குது பாருக்கா,” என்று என் நாற்காலியை இழுப்பாள்.

ஏழாம் நம்பரிடம்தான் வம்பு. தொட்டியில் தனியாகக் கிடக்கும் பெண் டால்பின் அது. கூட இருந்தது செத்துப்போயிற்று. நாளெல்லாம் சுவரை ஒட்டியே நீந்தி, துடுப்பை அதில் தேய்க்கும். வளர்மதி அதையும் தொடுதல் என்றே குறித்து, இரண்டாம் கட்டத்தில் சுவர் என்று எழுதுவாள். சூப்பர்வைசர் வசந்த்குமார் திருப்பி அனுப்புவார். சுவருக்கு ஏது நம்பர், இன்னொரு தடவை இப்படி வந்தால் வேலைக்கே வர வேண்டாம் என்று போன வாரம் சொல்லிவிட்டார். அவர் போனதும் வளர்மதி என்னிடம் கேட்டாள்: “அதுக்கு செவுருதான் கீது. வேற யாராண்ட போவும்க்கா?”

அந்தச் சமயத்தில் அவள் அண்ணன் வேதகிரிக்குப் பெண் பிறந்திருந்தது. பெயர் வைக்கும்போது அத்தைதான் பிள்ளையை மடியில் வாங்கி, காதில் மூன்று முறை பெயர் சொல்லி, தொட்டிலில் போட வேண்டும். ஒரே அத்தை இவள். வெள்ளிக் கொலுசு வாங்கினாள். நகத்தை ஒட்ட வெட்டினாள். கழுத்துக்குக் கை கொடுத்துத் தூக்குவது எப்படி என்று என்னிடம் கேட்டு, சாப்பாட்டுப் பையை வைத்துப் பழகிப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நானும் போயிருந்தேன். அண்ணி மலர்க்கொடி பிள்ளையைக் கொண்டுவந்து பக்கத்து வீட்டுப் பெண்ணின் மடியில் வைத்தாள். வேதகிரி தங்கையிடம் வந்து தணிந்த குரலில் சொன்னான்: “பச்சப் புள்ளம்மா, தப்பா நெனைக்காத. நீ இங்க நின்னுக்கினே பேர மட்டும் சொல்லிடு.”

நின்றபடியே சொன்னாள். மூன்று முறையும் குரல் பிசிறவில்லை. எட்ட நின்று சொன்ன பெயர் எந்தக் காதுக்குப் போய்ச் சேரும்? கொலுசையும் வேறு யாரோதான் மாட்டிவிட்டார்கள். பரிமாறப் போனவளை, நீ உட்கார் என்று உட்காரவைத்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை மறுபடி ஏழாம் நம்பர் வந்தது. சுவரோடு சாய்ந்து, துடுப்பை மேலும் கீழும் தேய்த்துக்கொண்டிருந்தது. வளர்மதி வீடியோவை நிறுத்தினாள். வேண்டாம் வளரு, வேலை போய்விடும் என்றேன். தொட்டது யார் என்ற கட்டத்தில் ஏழு என்று அடித்தாள். யாரை என்ற கட்டத்திலும் ஏழு என்றே அடித்து அனுப்பிவிட்டு, மௌஸைத் துடைக்க ஆரம்பித்தாள்.