லயத்துக்கு வந்த வின்ச்

“தேயிலைக் காட்டுல பொறந்தவளுக்குக் கடல்ல என்னா வேலை? படகு ஆடுனா நீ வாந்தி எடுப்பியா, ஸ்பேனர் பிடிப்பியா?”

படகுப் பராமரிப்புப் படிக்கப் போகிறேன் என்றபோது அத்தை கேட்டது இது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவளே நான்தான். படித்து முடித்து, இப்போது லுமூட் துறைமுகத்தில் பாய்மரப் படகுகளைப் பழுது பார்க்கிறேன்.

கடல் எதையும் சும்மா விடுவதில்லை. துருப்பிடிக்காது என்று வாங்கிய இரும்பும் பழுப்பேறும். கயிறு விறைக்கும், கப்பி இறுகும். இன்று துடைத்ததை நாளையும் துடைக்க வேண்டும். தீபாவளி விடுமுறை முடிந்ததும் ஒரு படகு லங்காவித் தீவுக்குப் புறப்பட இருந்தது. பாய்க் கயிற்றைச் சுற்றி இழுக்கும் அதன் வின்ச் மட்டும் பாக்கி. வெள்ளோட்டத்தில் அது தாங்கினால் பராமரிப்பாளராக என்னையும் கூட்டிப்போவதாகப் படகோட்டி சொல்லியிருந்தார். வின்சைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு தீபாவளிக்கு ஊருக்குப் பஸ்ஸில் மலையேறினேன்.

தோட்டத் தொழிலாளர் லயத்தில் எங்கள் வீட்டு வாசலில் அதைப் பிரித்து ஒரு வாளி வெந்நீரில் ஊறவைத்தேன். தண்ணீர் வெளுத்தது. அம்மா விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

“உப்பு லா. இவ்ளோ ஒசரம் ஏறி வந்துடுச்சே.”

கடலையே பார்க்காத அம்மா அந்த வாளியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

துடைத்துப் பூட்டி வைத்துவிட்டுத் தானா ராத்தா டவுன் கடைக்குப் போய் வந்தேன். திரும்பி வந்து கைப்பிடியைச் சுற்றினால் வழக்கமான கிளிக் சத்தமே இல்லை. கொழுந்து வெட்டும் மெஷினுக்குப் போடுவது போல அப்பா உள்ளே கிரீஸை அப்பியிருந்தார்.

“மழைக்கு இப்படி அடைச்சாதான்மா தாங்கும். மலையில நாங்க அப்படித்தான் செய்வோம்.”

“இதுக்கு லேசா எண்ணெய் போதும்பா. திரும்பிச் சுத்தாம தடுக்கிற பல்லு உள்ள இருக்கு, அது கிரீஸ்ல ஒட்டிக்கிட்டா கயிறு நழுவிரும். கைப்பிடி திருப்பி அடிச்சா கை ஒடைஞ்சிரும்.”

அப்பா தன் கையைப் பார்த்தார். பிறகு போய் மண்ணெண்ணெய் எடுத்து வந்தார்.

இருவருமாகக் கழுவினோம். நகத்தளவே இருந்த அந்தப் பற்களை அவர் ஒவ்வொன்றாக உள்ளங்கையில் வாங்கித் துடைத்தார். மறுபடி பூட்டிச் சுற்றியதும் கிளிக், கிளிக் என்று சுத்தமாகக் கேட்டது. அப்பா காதை வைத்துக் கேட்டார்.

“இத்துணூண்டுதான் காத்தைப் புடிக்குதா?”

“ஆமாம்பா.”

சொன்னேனே தவிர, வெள்ளோட்டத்தன்றுதான் எனக்கே அது விளங்கியது. காற்று பாயை நிரப்பியதும் படகு முழுவதும் சாய்ந்தது. கயிறு கம்பியாக விறைத்தது. ஒரு மலையே மறுமுனையில் இழுப்பது போலிருந்தது. என் மடியில் அடங்கிய அந்த உருளை அத்தனையையும் நிறுத்திப் பிடித்திருந்தது.

படகோட்டி கயிற்றை ஒருமுறை தட்டிப் பார்த்தார். பிறகு உள்ளே காலியாக இருந்த படுக்கையைக் கைகாட்டினார்.

என் பையை அதன் அடியில் வைத்துவிட்டேன்.