மணியாச்சியில் நின்ற அணியும் மேடையில் நின்ற நானும்

எங்கள் ஊர் மகளிர் ஹாக்கிப் போட்டியின் இறுதி ஆட்டத்தன்று வாழ்த்துரை வழங்க என்னை அழைத்தார்கள். கல்லூரிப் பேச்சுப் போட்டிகளில் சுழற்கோப்பைகளைச் சுழலவே விடாமல் வைத்திருந்தவள் என்ற முறையில், அது வரவேண்டிய அழைப்புத்தான். கடலோர மாவட்டத்தின் விளையாட்டு வரலாறு என்னும் பொருளில் ஐந்து நிமிட உரை ஒன்றைச் செதுக்கி வைத்திருந்தேன். முத்துக் குளித்தவர்களின் மூச்சடக்கத்தில் தொடங்கி, துறைமுகத்தில் மாலுமிகளோடு உள்ளூர் இளைஞர்கள் ஆடிய கால்பந்தைத் தொட்டு, தோணிப் போட்டியில் துடுப்புப் போட்டு, ஹாக்கி மட்டையை எங்கள் கோவில்பட்டிக்கு ரயிலேற்றிக் கொண்டுவரும் உரை அது. கடலும் கரிசலும் கைகோக்கும் முடிவுரையை இன்று படித்தாலும் ஓர் எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன்.

அன்று எங்கள் அணியை எதிர்த்து ஆட வேண்டியவர்கள் துறைமுகத்துப் பெண்கள். எங்கள் அணியில் பேக், அதாவது கோலுக்கு முன்னே நின்று காப்பவள், என் அக்கா. பெரிய பயிற்சி முகாம் ஒன்றுக்கு ஆள் தேர்ந்தெடுக்க வெளியூர்ப் பயிற்சியாளர் ஒருவர் முதல் வரிசையில் அமர்ந்திருந்தார். அடுத்த ஆண்டு அக்காவுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். அன்று அவர் கண்ணில் பட்டால் உண்டு. படாவிட்டால் முகாம் என்ற பேச்சே இல்லை.

நான் மேடையேறும் நேரத்தில் போட்டிக் குழுத் தலைவர் பின்பக்கமாக வந்தார். தீப்பெட்டி ஆலை நடத்துபவர், ஊருக்கே அண்ணாச்சி. துறைமுகத்து அணி வந்த ரயிலை வழியில் மணியாச்சியிலேயே நிறுத்திவிட்டார்களாம். பிள்ளைகள் இறங்கி லோடு ஆட்டோ பிடித்து வருகிறார்களாம். மேடை நிகழ்ச்சி முடிந்ததும் களத்தில் நிற்காத அணி தோற்றதாகக் கொள்ளப்படும் என்பது எங்கள் போட்டியின் விதி. ஆனால் ஒருவர் மைக்கில் பேசும்போது நடுவர் விசில் ஊதுவதில்லை என்பது எங்கள் ஊரின் மரியாதை. ஆகவே கொஞ்சம் நீட்டிப் பேசும்படி அண்ணாச்சி கேட்டுக்கொண்டார். அக்கா மட்டையோடு மேடை ஓரத்துக்கே வந்துவிட்டாள்.

"ஏட்டி, ஆடாம ஜெயிச்சா கப்பு நமக்குத்தான். ஆனா முகாமுக்கு ஆளெடுக்க வந்தவிய என்னய எங்கன பாப்பாவ? அவளுவ வாரவரைக்கும் வாய மூடாத."

வாயை மூடும்படி மட்டுமே கேட்டுப் பழகிய வீட்டில் இப்படி ஒரு வேண்டுகோள். நெகிழ்ந்து போய் மைக்கைப் பிடித்தேன்.

ஐந்து நிமிட உரை ஐந்து நிமிடத்தில் தீர்ந்தது. அதன்பின் பந்தின் உருண்டை வடிவத்தைப் போற்றினேன். இளவட்டக் கல்லைத் தூக்கினேன். கூட்டம் நெளிந்ததால் இறக்கினேன். சிலம்பம் சுழற்றினேன், சடுகுடு பாடினேன். கடைசியில் நாகலாபுரம் சாலையில் நான் பார்த்த மாட்டு வண்டிப் பந்தயத்துக்கு வந்து சேர்ந்தேன். செவலை ஜோடி முந்துகிறது. மயிலை ஜோடி அதன் சக்கரத்தை உரசுகிறது. சாரதி வால் முறுக்குகிறார். கடலைமிட்டாய் கடித்துக்கொண்டிருந்த வாய்கள் நின்றன. என் வாழ்நாளில் அதுபோல் ஒரு கூட்டம் எனக்குக் கட்டுப்பட்டதில்லை.

அப்போது மைதான ஓரத்தில் ஐஸ் வண்டிக்காரர் மணியடித்தார்.

பேச்சுப் போட்டியில் முதல் மணி எச்சரிக்கை, இரண்டாம் மணி முடிவு. ஏழாம் வகுப்பிலிருந்து என் நாடி நரம்பெல்லாம் அந்த ஒலிக்குப் பழகியவை. முதல் மணிக்கு மாடுகளை நடுச்சாலையில் விட்டுவிட்டு முடிவுரைக்குத் தாவினேன். கடலும் கரிசலும் கைகோத்தன. இரண்டாம் மணிக்கு, வாய்ப்பளித்த நல்லோர்க்கு நன்றி கூறி அமர்ந்தேன். அமர்ந்த பிறகுதான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். மட்டையை அவள் பிடித்திருந்த விதம் ஹாக்கிக்கு உரியதாக இல்லை.

நடுவர் விசிலை வாயில் வைத்தார். மறுகணம் எடுத்தார். அவர் நாகலாபுரத்துக்காரர்.

"ஏம்மா, செவலையா மயிலையா? அதச் சொல்லாம உக்காந்தா என்ன அர்த்தம்?"

கூட்டமும் அதையே கேட்டது. மைக் மறுபடி என் கைக்கு வந்தது. ஆனால் யார் வென்றார்கள் என்பது எனக்குத் தெரியாது. பந்தயத்துக்காக நிறுத்தப்பட்ட டவுன் பஸ்ஸின் ஜன்னலிலிருந்து வண்டிகள் போனதைத்தான் பார்த்தேன். அவை திரும்பி வருவதற்குள் எங்கள் பஸ்ஸை வேறு வழியில் விட்டுவிட்டார்கள். எனவே உண்மைக்கு மாறாக ஒரு சொல்லும் சொல்லாமல், மாடுகளை ஓடவிட்டேன். அவை கரிசல் காடுகளைக் கடந்தன, கம்மாய்க் கரையில் திரும்பின, மழைமேகத்தைப் பார்த்தன. எந்த மாட்டுக்கும் அவ்வளவு மூச்சு இருக்காது என்று யாரோ முணுமுணுத்த நேரத்தில் லோடு ஆட்டோ மைதானத்துக்குள் நுழைந்தது. முடிவு ஆட்டத்துக்குப் பின் அறிவிக்கப்படும் என்று சொல்லி இறங்கினேன். ஆட்டம் முழுவதும் நடுவரின் ஒரு கண் என் மீதே இருந்தது.

வழிநெடுகக் குலுங்கி வந்த கோபத்தையெல்லாம் துறைமுகத்துப் பெண்கள் பந்தில் காட்டினார்கள். பந்து எங்கள் கோலை விட்டு நகரவே இல்லை. அதனால் அக்காவுக்கு ஓயாத வேலை. ஷார்ட் கார்னரில் கோலை நோக்கி வந்த அடி ஒவ்வொன்றையும் மட்டையால் தடுத்தாள். மட்டைக்கு எட்டாததை முழங்காலுக்குக் கீழே வாங்கிக்கொண்டாள். கடைசி நேரத்தில் ஒன்று மட்டும் உள்ளே போனது. கப்பு கடற்கரைக்குப் போயிற்று. நீட்டிப் பேசச் சொன்ன அண்ணாச்சி என் பக்கம் திரும்பவே இல்லை. நடுவர் மட்டும் என்னை நோக்கி நடந்து வந்தார். நான் மேடையைச் சுற்றி மறுபக்கமாக நழுவி அக்காவிடம் போனேன்.

காலில் ஐஸ் வைத்தபடி அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். பயிற்சியாளர் அவளை முகாமுக்கு வரச் சொல்லிவிட்டாராம். என் பங்குக்கு உரிய பாராட்டை எதிர்பார்த்து நின்றேன்.

"பேக்குல நிக்கவ முன்னால நிக்கவளுக்குக் கத்திச் சொல்லணுமாம். நான் வாயே தொறக்கலன்னு ஏசுனாவ. தங்கச்சிகிட்ட கேட்டுப் பழகிட்டு வான்னுட்டாவ."

மறுநாள் விடிந்ததும் மைதானத்தில் பயிற்சி. அடிவயிற்றிலிருந்து மூச்செடுத்து, இடப்புறமாக விரைந்து வரும் எதிரணி வீராங்கனையைத் தடுத்து நிறுத்து என்று முழங்கும்படி சொன்னேன்.

"ஏட்டி, நீ சொல்லி முடிக்கதுக்குள்ள கோலப் போட்டுட்டுப் போயிருவா. ஒத்த வார்த்த சொல்லு."

நெடுநேரம் யோசித்தேன். ஒரே சொல்லோடு நிறுத்திய பழக்கம் எனக்கு இல்லை. பெருமுயற்சிக்குப் பின் ஒன்றைக் கொடுத்தேன். அக்கா மூச்சை இழுத்து, "லெஃப்ட்டு" என்றாள். மைதானத்தை ஒட்டி மில் வேலைக்குச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த ஒருவர் சட்டென்று சாலையின் இடப்பக்கம் ஒதுங்கி நின்றார்.