மீசைப் பசையும் என் இடது இமையும்

பெண் பார்க்கப் போன இடத்தில், "மாப்பிள்ளை தூங்கிட்டாருங்க" என்று பெண்வீட்டார் மறுத்த அன்றுதான், சரிந்த என் இடது இமையை அறுத்துத் தைத்துக்கொள்ளும் யோசனை உதித்தது. மதராஸ் டாக்டரிடம் போக அரியலூர் ஸ்டேஷனில் நின்றேன்.

பக்கத்தில், நான் மேடையில் பார்த்திருந்த, ராணி வேஷம் கட்டும் நாடகக்கார அம்மாள். அவருக்கும் இமை சரிந்திருந்தது. மோவாயைத் தூக்கித்தான் எவரையும் பார்த்தார். மேடையில் மட்டும் கண் அகன்றிருப்பது எப்படி என்று கேட்டேன்.

"மீசை ஒட்டற பசைதான் தம்பி, இமையத் தூக்கி ஒட்டிக்குவேன். கடைசி வரிசைக்காரனுக்கும் கண்ணு தெரியணுமில்ல. நாடகம் முடிஞ்சா பிச்சுடுவேன். எதுத்தாப்ல நிக்கறவனுக்கு எதுக்கு? வேணும்னா அவன் குனிஞ்சு பாக்கட்டும்."

மோவாயைத் தூக்கியபடியே வண்டியேறினார். நான் ஏறவில்லை.

நாளை செட்டிகுளத்தில் இன்னொரு பெண். அம்மா வாங்கிவைத்த கறுப்புக் கண்ணாடி வீட்டிலேயே கிடக்கட்டும். விழித்துத்தான் இருக்கிறேன் என்று பெண்ணிடம் முதலில் நானே சொல்லிவிடப்போகிறேன்.